கைச்சங்கிலிக் கணக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்புள்ள வசந்திக்கு,

உமது மகன் பத்திரமாக வந்து சேர்ந்தான். கைச்சங்கிலியும்தான். அதை வெற்று மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு வைத்து அடைத்து அனுப்பிய உமது மூளையை மெச்சத்தான் வேண்டும். பஸ்ஸில் ஒருவரும் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள். கட்டுபெத்தையில் அவனுக்குக் கிடைத்த அறை சின்னதுதான், ஆனால் காற்றோட்டம் இருக்கிறது, மொறட்டுவைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட இங்கே வரச்சொல்லியிருக்கிறேன். போன கிழமை வந்து ஒடியல் கூழை இரண்டு கோப்பை குடித்தான், அதனால் பட்டினி கிடக்கிறானோ என்று நினைத்துக்கொண்டு இராதேயும்.

சங்கிலியை விற்றுத்தரச் சொன்ன விஷயத்தைப் போனில் சொன்னால் பாதி உமக்கு விளங்காது, மீதியை நீர் குறுக்கே பேசிக் கெடுத்துவிடுவீர். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாக வாசியும்.

“2005இல் அப்பா இருபத்து நாலாயிரத்துக்கு வாங்கித் தந்தது, இப்போது ஆறு இலட்சம் வருமாமே” என்று கேட்டீர். ஆறு வராது. ஏன் வராது என்பதற்கு முதல், இவ்வளவாவது எப்படி ஏறியது என்று பாரும். நம் ஊரில் பவுண் விலை இரண்டு விலைகளைப் பெருக்கி வருவது: உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் எத்தனை டொலர், இங்கே ஒரு டொலர் எத்தனை ரூபா. 2005இல் அவுன்ஸ் 450 டொலர் அளவில் நின்றது, டொலர் ஏறத்தாழ 100 ரூபா. இந்த 2025 ஒக்டோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது, டொலர் 300 ரூபாவுக்குச் சற்று மேலே. ஒரு பக்கம் ஒன்பது மடங்கு, மறுபக்கம் மூன்று மடங்கு. பெருக்கினால் இருபத்தேழு. அந்த மூன்று மடங்கு தங்கத்தின் பெருமை இல்லை, நம் ரூபா தேய்ந்த தேய்வு. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதும் 200இல் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டதே, அப்போது உலகச் சந்தையில் தங்கம் பெரிதாக அசையவே இல்லை. ஆனால் இங்கே செட்டியார் தெரு நகைக் கடைகளில் பவுண் விலை எகிறியது. டொலர் இறங்கினால் இதே கணக்குத் திரும்பியும் ஓடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளும்.

இனி உமது சங்கிலிக்கு வருவோம். கணக்கு இலகுவாக இருக்க அவுன்ஸ் 4,000, டொலர் 300 என்றே வைக்கிறேன். தங்கத்துக்கு அவுன்ஸ் என்பது 31.1035 கிராம். அப்படியானால் சுத்தத் தங்கம் கிராம் 38,580 ரூபா. 22 கரட் என்றால் இருபத்து நாலில் இருபத்திரண்டு பங்கு தங்கம், நூற்றுக்கு 91.6. அந்தக் கணக்கில் எட்டுக் கிராம் பவுண் 282,900 வரும். உமது பில்லில் இரண்டு பவுண் என்று இருப்பதால் 565,800, அதற்கு மேல் செய்கூலி கிய்கூலி என்று சேர்த்து ஆறு இலட்சம் என்று யாரோ உம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். கடையில் வைத்துப் பார்க்கையில்தான் அந்த இரண்டு பவுண் கரையத் தொடங்கியது.

போக முதல் சங்கிலியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் கண்ணிகளுக்குள் இருந்த அழுக்கை எடுத்தேன். அதைச் செய்யாமல் கொண்டுபோனால் “அழுக்கு எடை” என்று ஒரு கழிவு போடுவார்கள். பிறகு மகனும் நானும் 101 பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கினோம். செட்டியார் தெரு மாறவே இல்லை. பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில், இடையில் மூச்சுவிட இடமில்லாமல் நகைக் கடைகள், வாசலில் நின்று “வாங்கோ அக்கா, பழசு குடுக்கிறீங்களா” என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிற பையன்கள். வீட்டில் புத்தம் புதுசாகத்தான் வைத்திருந்தாலும் அங்கே போனதும் எல்லாம் பழசுதான்.

முதல் கடை, பெயர் வேண்டாம். தராசுக்கு நேர் மேலே மின்விசிறி ஓடியது. மூன்றாவது தசம எண் நின்ற இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தது. நான் விசிறியை நிறுத்தச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தினார். 15.720 என்று நின்றது. பில்லில் 16.000. இருபது வருடத்தில் உமது கையிலும் சட்டைக் கையிலும் உரசிப் போனது 280 மில்லிகிராம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தது கல். அந்தச் சிவப்புக் கற்கள் வெறும் கண்ணாடி, வசந்தி. எல்லாமாக 420 மில்லிகிராம் என்று கழித்தார். அதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு எரிச்சல் வந்தது அங்கே இல்லை, 2005 பில்லைப் பார்த்தபோதுதான். கல்லையும் சேர்த்து மொத்தமாக 16 கிராம் தங்கம் என்று போட்டு உமது அப்பாவிடம் கண்ணாடிக்குத் தங்க விலை வாங்கியிருக்கிறார்கள். வாங்கும்போது கல்லுக்குத் தங்க எடை, விற்கும்போது கல்லுக்குக் கழிவு!

சரி, 15.300 கிராம் ஆனது. அவர் கல்குலேட்டரில் ஏதோ தட்டி, எங்களுக்குக் காட்டாமல் திருப்பி வைத்துவிட்டு, “நாலு தொண்ணூறு தரலாம்” என்றார். எப்படி என்று கேட்டேன். ஐந்து வீதம் சேதாரம், தரம் 21 கரட் என்றார். சேதாரம் என்பது நகை செய்யும்போது அரத்திலும் நெருப்பிலும் போகிற தூளுக்கு வாங்குவது, அதை நாங்கள் 2005லேயே கட்டிவிட்டோம். உருக்கக் கொடுக்கிற பழைய நகைக்கு மறுபடியும் ஐந்து வீதமா? கரட்டையும் கண்ணால் பார்த்தே சொன்னார். உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து அமிலத் துளி விட்டுக்கூடப் பார்க்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டோம். “ஐந்து தரலாம் அக்கா” என்ற சத்தம் படிக்கட்டில் கேட்டது.

இங்கே உமது புத்திரனின் கதையையும் சொல்ல வேண்டும். பொறியியல் படிக்கப் போகிறான் அல்லவா, நாங்கள் கடைக்குப் போவதற்கு முந்திய நாளே கூட்டாளியிடம் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வந்து, சங்கிலியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஆர்க்கிமிடிஸ் ஆகிவிட்டான். தண்ணீருக்குள் ஒரு கிராமுக்குச் சற்று மேலே எடை குறைந்தது. வகுத்தால் அடர்த்தி 15க்குக் கொஞ்சம் மேல். 22 கரட் என்றால் 17.7 அளவில் இருக்க வேண்டும். “அன்ரி, இது 18 கரட், தாத்தாவை ஏமாற்றிவிட்டார்கள்” என்று முகம் செத்துப்போய் உட்கார்ந்தான். உமக்குச் சொல்லவேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். கல்லைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டான், அவ்வளவுதான். கண்ணாடி எடையில் கொஞ்சம், இடம் பிடிப்பதில் நிறைய. கல் இல்லாத, உள்ளே பொள்ளல் இல்லாத காப்புக்கு அந்தச் சோதனை அருமையானது. உம்மிடம் இருக்கும் அந்தத் தடித்த காப்பை அவன் வீட்டுக்கு வரும்போது சோதிக்கக் கொடும், மகிழ்ந்துபோவான்.

இரண்டாவது கடையில் ஒரு வயதானவர். முதலில் எடையை எழுதினார், பிறகு கல் கழிவை எழுதினார், பிறகு சங்கிலியை எக்ஸ்ரே மெஷினுக்குள் வைத்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நகையை வெட்டாமல், உரசாமல், தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று அரை நிமிடத்தில் காட்டிவிடும். கண்ணியில் தங்கம் நூற்றுக்கு 91க்குச் சற்று மேல் வந்தது. நான் கொளுக்கிக்குப் பக்கத்திலும் வைக்கச் சொன்னேன். அங்கே 84. மகன் மறுபடியும் என்னைப் பார்த்தான். பெரியவர் சிரித்தார். அது பற்றாசு வைத்து ஒட்டிய இடம். பொருத்துகிற உலோகம் நகையை விடக் குறைந்த சூட்டில் உருகவேண்டும் என்பதால் அதில் தங்கம் குறைவாகத்தான் இருக்கும். முழுச் சங்கிலியையும் உருக்கினால் 90.2 அளவில் நிற்கும் என்று கணித்து அதையே எழுதினார். அந்த மெஷின் மேல் தோலை மட்டும்தான் பார்க்கும், முலாம் பூசிய பொருளிடம் ஏமாறும் என்றும் அவரே சொல்லி, உள் பக்கம் ஓர் இடத்தில் மெல்ல அரம் போட்டு உரைகல்லிலும் பார்த்தார். முன்னவர் கண்ணாலேயே 21 என்று அறுதியிட்டது நினைவுக்கு வந்தது.

ஆக, 15.300ஐ 0.902ஆல் பெருக்கினால் சுத்தத் தங்கம் 13.80 கிராம். நான் வைத்த விலையில் 532,400 ரூபா. சங்கிலியின் உண்மையான பெறுமதி இதுதான், முன்னவர் சொன்னதற்கும் இதற்கும் இடையில் நாற்பதாயிரத்துக்கு மேல். இந்த முழுத் தொகையை ஒருவரும் கையில் தரமாட்டார்கள், அவருக்கும் உருக்குக் கூலி, சுத்திகரிப்பு, கடை வாடகை இருக்கிறது. மூன்று வீதம் எடுப்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படியானால் 516,000 சொச்சம். விற்கிற நாளின் விலைக்கு இது கூடிக் குறையும். லண்டனில் காலை 10.30க்கும் பின்னேரம் 3 மணிக்கும் விலை குறிக்கிறார்கள். நம் கடைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் பலகையை அழித்து எழுதுகின்றன.

“பழசைக் கொடுத்துப் புதுசு எடுத்தால் முழு விலை” என்று பலகை போட்டிருப்பதையும் பார்த்தேன். அதற்கு மயங்காதேயும். பழசில் விட்டதைப் புதுசின் செய்கூலியிலும் சேதாரத்திலும் பிடித்துவிடுவார்கள். உமக்கு வேண்டியது காசு, நகை அல்ல. இன்னொன்று, விலை பேசி முடியுமுன் யாரும் “உருக்கிப் பார்த்துச் சொல்கிறேன்” என்றால் விடக்கூடாது. மூசையில் வெண்காரம் போட்டு ஊதி உருக்கிய பிறகு அது சங்கிலி இல்லை, கட்டி. திருப்பித் தாரும் என்று கேட்க ஒன்றும் இருக்காது. கடைக்காரர் வார்த்தையில் நம்பிக்கை இல்லாவிட்டால் கொழும்பிலே தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை இருக்கிறது. அங்கே தங்கத்தின் தரத்தைச் சோதித்துத் தருவார்கள். பெரியவரின் கணக்குத் தெளிவாக இருந்ததால் நான் அங்கே போகவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு நான் விற்கவில்லை. கோபிக்காதேயும். உமக்கு இப்போது தேவை இரண்டு இலட்சம்: லப்டொப்புக்கும் அறை முற்பணத்துக்கும். சங்கிலி ஐந்து இலட்சத்துக்குப் போகும். மிச்சம் மூன்று இலட்சம் உமது கையில் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், உமது கொழுந்தனுக்கும் தெரியும். காலபோக நெல்லு பெப்ரவரி, மார்ச்சில் வெட்டினால் காசு வரும் என்றும் நீர்தான் சொன்னீர். அப்படியானால் வங்கியில் அடகு வைக்கலாம். வருடத்துக்கு 12 வீதம் வட்டி என்று வைத்தாலும் இரண்டு இலட்சத்துக்கு ஆறு மாதத்தில் 12,000 ரூபா. விற்றுவிட்டுப் பிறகு இதே மாதிரி ஒன்று வாங்கப் போனால் செய்கூலி, சேதாரம், கடை இலாபம் என்று ஐந்து இலட்சத்துக்குப் பத்து வீதம் போட்டாலும் ஐம்பதாயிரம் போய்விடும்.

அடகிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2013இல் உலக விலை விழுந்தபோது மீட்காமல் விட்ட நகைகளால் நம் வங்கிகளே அடிபட்டன. சங்கிலியின் பெறுமதி முழுவதற்கும் கடன் தருகிறோம் என்றாலும் எடுக்காதேயும், இரண்டு இலட்சத்தோடு நிறுத்தும். அவ்வளவுதான் என்றால் விலை பாதிக்கு விழுந்தாலும் சங்கிலி கடனை விடப் பெறுமதியாகவே நிற்கும். ஆனால் வயல் இந்த முறை நம்பமுடியாது, மார்ச்சில் மீட்க வழியில்லை என்று உமக்கு உள்ளுக்குள் தெரிந்தால் இந்தக் கதையை விட்டுவிடும். மீட்காத நகைக்கு வட்டி கட்டுவதைப்போல மடத்தனம் இல்லை. அப்போது நேரே பெரியவரிடம் கொடுத்து எடுக்கிற விலையை எடுப்போம்.

எது என்று வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்லும். அடகு என்றால் உமது பெயரில் வைப்பதுதான் முறை, அதற்கு நீர் அடையாள அட்டையோடு வரவேண்டும். அல்லது சங்கிலியை மகனிடம் கொடுத்துவிடுகிறேன், வவுனியாவிலேயே வையும். விற்பதென்றால் பழைய பில்லின் பிரதி போதாது, அசலை அவனிடம் கொடுத்துவிடும், பெரியவர் கேட்டார். என் இவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கிறார். நீர் வருவதாக இருந்தால் முருங்கைக்காய் கொண்டுவாரும். இங்கே ஒரு காயின் விலையைச் சொன்னால் சங்கிலியை விட்டுவிட்டு மரத்தை விற்கப் பார்ப்பீர்.

உமது,
ராணி