மாதவரம் நம் நகர்: குடிநீர்த் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் தந்த குடிநீர்ப் பணி முடிந்துவிட்டது. தரைத்தொட்டி, மேல்நிலைத் தொட்டி, உள்குழாய்கள், அம்மன் கோயில் பக்கத்து உறைகிணறு எல்லாம் இப்போது பயன்பாட்டில் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கை அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ரசீதுக் கோப்பை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

"இரண்டு அங்குலக் குழாயே போதுமே, எதற்கு நான்கு அங்குலம்?" என்று பலரும் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். மாதவரம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போது மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு தடங்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுவதை நம் தெருவிலேயே பார்க்கிறோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். அதே மனையில் எட்டுக் குடும்பம் வந்தால் 4,320 லிட்டர். குழாயின் விட்டம் இரட்டிப்பானால் அது கொண்டுபோகும் தண்ணீர் நான்கு மடங்குக்கும் மேல் கூடும். பள்ளம் தோண்டும் கூலியும் தெருவை மறுபடி போடும் செலவும் எந்தக் குழாய்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்றைக்கு மிச்சம் பிடித்தால் சில வருடத்தில் திரும்பவும் தெருவைக் கிளற வேண்டிவரும் என்பதால் பெரிய குழாயே போட்டோம்.

பழைய இரும்புக் குழாயை வெளியே எடுத்தபோது பக்கத்தில் நின்றவர்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே துரு அடைந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஓரிடத்தில் கழிவுநீர்க் குழாயை ஒட்டியே ஓடிய அந்தக் குழாயில் பொத்தலும் இருந்தது. தண்ணீர் வராத நேரத்தில் யாராவது லைனில் நேரடியாக மோட்டார் போட்டால், அந்தப் பொத்தல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து உறிஞ்சப்படும். கடைசித் தெருவில் அடிக்கடி நாற்றமடித்த தண்ணீருக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறோம். நேரடி மோட்டார்களை எல்லாரும் தாங்களாகவே கழற்றிக் கொடுத்தீர்கள். இந்தத் திருப்பணியில் அதைவிடப் பெரிய நன்கொடை கிடையாது.

புதுக் குழாய் ஒரு முனையில் முடிந்துபோவதில்லை, சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்கிறது. அதனால் கடைக்கோடி வீட்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் போகும். ஒரு பக்கம் பழுது பார்க்க வால்வை மூடினாலும் மறுபக்கம் வரும். முன்பு கடைசி வீட்டு அக்கா விடியற்காலை எழுந்து குடத்தோடு காத்திருப்பார். இப்போது அவர் வீட்டு மாடிக் குழாயிலேயே தண்ணீர் கொட்டுகிறது. அந்த வீட்டில்தான் குளோரினையும் சோதிக்கிறோம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சோதனை மருந்து விட்ட கண்ணாடிக் குழாயில் மஞ்சள் நிறம் வந்தால் சரி, வராவிட்டால் உடனே தொட்டியைப் பார்க்கிறோம்.

அப்புறம் கிணறு. புழல் ஏரி நமக்குக் கூப்பிடு தூரம். ஆனால் 2019 கோடையில் அது வறண்டு கிடந்ததையும், லாரிக்குப் பின்னால் நாம் ஓடியதையும் மறக்க முடியாது. காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் கடல்நீர் ஆலை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரக்கூடியது. அது வட சென்னைக்குப் பெரிய துணைதான். ஆனாலும் நம் மாடியில் விழும் மழையை விட்டுவிடக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருந்தது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் தேறும். கிணற்றைத் தூர்வாரி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாகச் சுற்றியுள்ள மாடிகளின் மழைநீரை அதில் விட்டிருக்கிறோம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவில்லாமல் இறைத்து, கடல்நீர் உள்ளே புகுந்த கதை நமக்குத் தெரிந்ததே. அதனால் கிணற்றில் மோட்டார் ஓடும் நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் துவைக்க, கழுவ மட்டும்தான், குடிக்க அல்ல.

புதிதாகக் கட்டுபவர்கள் இணைப்புக்குச் சங்கத்தில் எழுதித் தர வேண்டும். லைனில் நேரடி மோட்டாருக்கு அனுமதி இல்லை. வால்வுச் சாவி செயலாளரிடமும் காவலாளி அண்ணனிடமும் இருக்கும். தரைத்தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவோம். முதல் முறை புரட்டாசி கடைசி ஞாயிறு. அன்று மதியம்வரை தண்ணீர் வராது, முந்தைய இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு