இரண்டாவது கிராபிக்ஸ் கார்டுக்குத் தயார் என்று விற்ற கணினி குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில்லில் உள்ளபடி),
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கேமிங் கணினியில் விளம்பரப்படுத்திய வசதி இல்லாமை, மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. தீர்ந்தது எது என்று எனக்கு விளங்கவில்லை. கணினி பழையபடியே இருக்கிறது. அதற்கென்று தங்களிடமே வாங்கிய இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு, பெட்டியிலிருந்து ஒருமுறை வெளியே வந்து, பொருத்த வழியில்லாமல் மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது. தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசுகிறார். ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கிறேன்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி என்று இந்த வட்டாரத்திலுள்ள நகரத்தார் வீடுகளை அளந்து, கணினியில் முப்பரிமாண வடிவமாக்கிப் படங்களாகத் தருவது என் தொழில். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் மலேசியாவில். முகப்பை எப்படிப் புதுப்பிப்பது, இரண்டாங்கட்டை விருந்தினர் அறைகளாக மாற்றலாமா என்று அவர்கள் ஒரே படத்தைப் பார்த்துப் பேசி முடிவெடுக்க வேண்டும். எல்லோரும் ஊரில் ஒன்றுகூடுவது கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு, கோயில் காரியம் என்றால்தான். அந்தச் சில நாட்களுக்குள் படம் கையில் இருந்தாக வேண்டும். அவர்கள் விமானம் ஏறிய பிறகு ரெண்டர் (முப்பரிமாண வடிவத்தைப் படமாக்கும் கணக்கு) முடிந்தால் யாருக்கு என்ன பயன்?

செட்டிநாட்டு வீட்டை ரெண்டர் செய்வது நான்கு வெள்ளைச் சுவர் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பை ரெண்டர் செய்வதைவிடக் கடினமானது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளக்கும். சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசித் தேய்த்த சுவரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். போதாக்குறைக்கு மெருகேற்றிய பர்மா தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் இருக்கின்றன. வெளிச்சமோ பெரும்பாலும் வளவின் (உள் முற்றத்தின்) நடுவே திறந்திருக்கும் வானத்திலிருந்துதான் இறங்குகிறது. தரையில் பட்டு, சுவரில் பட்டு, தூணில் பட்டு, அதன் பிறகே சுற்றியுள்ள அறைகளுக்குள் போய்ச் சேருகிறது. நான் பயன்படுத்தும் பிளெண்டர் மென்பொருளில் ரெண்டர் செய்யும் பகுதியான சைக்கிள்ஸ் அந்தத் துள்ளல்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட வேண்டும். கணக்கைக் குறைத்தால் நிழல் விழும் இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து நிற்கும். ஆச்சிமார் அந்தப் படத்தைப் பார்த்து, "சுவரெல்லாம் பூஞ்சை பிடித்திருக்கிறதே" என்றுதான் கேட்பார்கள்.

இந்தக் கணக்கைப் போடுவது கிராபிக்ஸ் கார்டு. இரண்டாவது கார்டு எனக்குத் தேவைப்பட்டது இதற்காகத்தான். சைக்கிள்ஸ் இரண்டு கார்டுகளையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும். ஒரே வகைக் கார்டுகள் இரண்டு இருந்தால் ரெண்டர் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். இரண்டின் நினைவகமும் ஒன்றாகச் சேராது, காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியே அடங்க வேண்டும் என்பதும் தெரிந்துதான் 12 ஜிபி நினைவகம் உள்ள, என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு பொருத்திய தங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் ஒரு கார்டு, கையில் பணம் சேர்ந்ததும் இரண்டாவது என்பது என் திட்டம். தங்கள் தயாரிப்புப் பக்கத்தில் "இரண்டாவது கிராபிக்ஸ் கார்டுக்குத் தயார், முழு வேக ஸ்லாட்டுகள் இரண்டு" என்று இருந்தது. அதை மட்டும் நம்பிவிடாமல், வாங்குவதற்கு முன் தங்கள் விற்பனைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். "பிறகு எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் நகலை இணைத்திருக்கிறேன்.

இனி, கேபினட்டைத் திறந்தபோது கண்டதைச் சொல்கிறேன். திறந்தவர் மதுரையிலிருந்து வந்த தங்கள் சர்வீஸ் பொறியாளர், நான் அல்லன். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

கார்டைச் செருகும் இரண்டாவது ஸ்லாட் கேபினட்டின் அடித்தட்டை ஒட்டி இருக்கிறது. கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ளது. அதைச் செருகினால் பவர் சப்ளையை மூடியிருக்கும் தகட்டில் விசிறிகள் ஏறக்குறைய உரசும். காற்று இழுக்க ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. சுவிட்சுக்கும் முன்பக்க யுஎஸ்பிக்கும் போகும் கம்பிகள் கார்டின் அடியில் நசுங்கும். அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊர் எப்படிக் காய்கிறது என்பது தங்கள் வடிவமைப்பாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லைதான். ஆனால் விசிறிக்குக் காற்று வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

ஸ்லாட்டின் நீளம் பதினாறு லேனுக்கு (தரவு போய்வரும் பாதைக்கு) உரியது. உள்ளே இணைத்திருப்பவை நான்கு லேன்கள்தான். அவையும் பிராசஸரிலிருந்து நேராக வராமல் மதர்போர்டின் துணைச் சில்லான சிப்செட் வழியாகச் சுற்றி வருகின்றன. அகலமான முகப்பை எழுப்பிவிட்டு உள்ளே ஓர் ஆள் மட்டும் நுழையும் குறுகிய சந்து விட்டது போன்ற வேலை இது. என் தொழிலுக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காட்சியை ஒருமுறை கார்டுக்குள் ஏற்றிவிட்டால் பிறகு நடப்பது அனேகமாகக் கார்டுக்குள் நடக்கும் கணக்குதான். ஆனால் "முழு வேகம்" என்று எழுதியது தாங்கள், அது உண்மையன்று.

இவற்றைவிடப் பெரியது மின்சாரம். கணினியில் இருப்பது 500 வாட் பவர் சப்ளை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் மின்தேவை 170 வாட். இரண்டுக்கும் சேர்த்து 340. தாங்கள் பொருத்தியிருக்கும் இன்டெல் ஐ7 12700 பிராசஸர் முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெல்லே சொல்கிறது. கூட்டினால் 520. டிஸ்க், விசிறி, மதர்போர்டு எதையும் இன்னும் சேர்க்கவில்லை. இத்தனைக்கும், ஒரே ஓர் 3060 உள்ள கணினிக்கே 550 வாட் பவர் சப்ளையை என்விடியா பரிந்துரைக்கிறது. அப்படியானால் இந்தக் கணினி இரண்டாவது கார்டுக்கு மட்டுமன்று, முதல் கார்டுக்கே சிக்கனமாகச் செய்யப்பட்டது. "தயார்" என்ற சொல்லை எழுதியவர் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தாரா?

பவர் சப்ளையிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் எட்டு பின் (உலோக முள்) கேபிள் ஒன்றே ஒன்று; அது முதல் கார்டுக்குப் போய்விட்டது. சரி, என் செலவிலேயே காரைக்குடியில் 750 வாட் பவர் சப்ளை வாங்கி மாட்டிக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் வழியில்லை. கடையில் கிடைப்பது 24 பின் இணைப்புள்ள ஏடிஎக்ஸ் என்ற பொது வகை. தங்கள் மதர்போர்டில் இருப்பதோ தங்கள் நிறுவனத்துக்கென்றே செய்த வேறு வடிவம். பவர் சப்ளையின் உடலமைப்பும் வேறு. தங்களிடம்தான் வாங்கியாக வேண்டும்; இந்த மாடலுக்கு 500 வாட்டுக்கு மேல் தங்களிடமும் இல்லை. கதவைப் பூட்டிச் சாவியையும் தங்கள் பையிலேயே வைத்துக்கொண்டு, "உள்ளே வரலாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்.

இதற்குத் தங்கள் உதவிப் பிரிவு கண்டுபிடித்த தீர்வுதான் என்னை உண்மையில் கோபப்படுத்தியது. கூரியரில் ஓர் அடாப்டர் கேபிள் வந்தது. ஒரு முனை சாட்டா, மறுமுனை எட்டு பின். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் கம்பியிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் எடுக்கச் சொல்கிறீர்கள். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், ஆக 54 வாட். கார்டுக்குத் தேவையான 170 வாட்டில் ஸ்லாட் அதிகபட்சமாக 75 தரும். மீதி 95 வாட்டை 54 வாட் தாங்கும் பிளக் சுமக்க வேண்டும். ரெண்டர் என்பது விளையாட்டைப் போல ஏறி இறங்கும் சுமை அன்று. இரவு முழுவதும் முழுச் சுமையில் ஓடும். அந்த பிளக் உருகக்கூடும். நான் வேலை செய்யும் அறையின் கூரை முழுவதும் தேக்கு. தங்கள் ஆலோசனையைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தை வேறோர் இலாகாவுக்கு எழுதியிருப்பேன்.

பிறகு மின்னஞ்சலில் ஒரு பாடம் வந்தது. "இரண்டு கார்டுகளை இணைக்கும் தொழில்நுட்பம் காலாவதியாகிவிட்டது, விளையாட்டுகளில் பயன் தராது. எனவே இரண்டாவது கார்டு தங்களுக்குத் தேவையில்லை." அந்த வரலாறு எனக்கும் தெரியும். விளையாட்டுக்காக இரண்டு கார்டுகளை இணைக்க என்விடியா 2004-இல் கொண்டுவந்த எஸ்எல்ஐ முறைக்கு, 2021 ஜனவரி 1 முதல் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஏற்பாடுகள் செய்யப்படுவதில்லை. ஆர்டிஎக்ஸ் 30 வரிசையின் விளையாட்டுக் கார்டுகளில் 3090, 3090 டிஐ ஆகியவற்றில் மட்டும் கார்டுகளை நேரடியாகச் சேர்க்கும் என்விலிங்க் இணைப்பு இருந்தது. 40 வரிசையில் அதுவும் இல்லை. ஆனால் பிளெண்டருக்கு எஸ்எல்ஐயும் வேண்டாம், என்விலிங்க்கும் வேண்டாம். இரண்டு கார்டுகள் தனித்தனியே ஸ்லாட்டில் இருந்து மின்சாரம் கிடைத்தால் போதும். நான் விளையாடப் போவதாக எங்கும் சொல்லவில்லை. என் முதல் கடிதத்திலேயே பிளெண்டர் என்று எழுதியிருக்கிறேன். அதைவிட முக்கியமாக, இந்த வசதி காலாவதியானது என்று தங்களுக்கே தெரிந்திருந்தால் விளம்பரத்தில் அது ஏன் முதல் வரியில் நிற்கிறது? எனக்கு இரண்டாவது கார்டை ஏன் விற்றீர்கள்?

கார்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், திருப்பித் தரும் கெடு கடந்துவிட்டது என்கிறீர்கள். கெடுவுக்குள் புகார் செய்தேன். பொறியாளரை அனுப்பும் தேதியைக் குறித்தது தாங்கள். அந்தத் தேதி கெடுவுக்குப் பின்னால் விழுந்தது. வந்தவர் நல்ல மனிதர். பார்த்த உடனே, "கூடுதல் மின் இணைப்பு இல்லை, இடம் போதாது" என்று பணித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். இப்போது, கேபினட்டின் முத்திரை ஸ்டிக்கர் கிழிந்திருப்பதால் வாரண்டி செல்லாது என்று புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. கிழித்தவர் தங்கள் ஆள். பணித்தாள் என்னிடம் இருக்கிறது. கணினியைச் சென்னைக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்வதையும் ஏற்க முடியாது. வீட்டுக்கே வந்து மூன்று ஆண்டு சேவை செய்வதாகச் சொல்லி அதற்கும் சேர்த்துத்தான் விலை வாங்கினீர்கள்; 400 கிலோமீட்டருக்கு நான் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வருவதற்காக அன்று.

கடைசியாகப் பேசிய மேலாளர், "தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்கள், ஆகவே நீங்கள் நுகர்வோர் அல்லர்" என்றார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(7) பிரிவை அவர் ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளை, வணிக நோக்கத்துக்கான பொருளாகக் கொள்ளக் கூடாது என்று அதன் விளக்கமே சொல்கிறது. என்னிடம் வேலைக்கு ஆள் இல்லை. இந்தக் கணினியை இயக்குபவன் நான் ஒருவன். தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்பதை அதே பிரிவின் 28-ஆம் உட்பிரிவு வரையறுக்கிறது. 34-ஆம் பிரிவின்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சிவகங்கைக்கு நான் பஸ்ஸில் போய்விடுவேன், பதில் சொல்லத் தாங்கள்தான் தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கும். கணினிக்குக் கொடுத்த 1,28,000 ரூபாயும் கார்டுக்குக் கொடுத்த 27,500 ரூபாயும் சேர்ந்தாலும் 5 லட்சத்துக்கு உள்ளேதான். அந்தத் தொகைவரை மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது.

நான் கேட்பது அதிகமில்லை. இரண்டு கார்டுகளும் பாதுகாப்பாக ஓடக்கூடிய பவர் சப்ளை, மதர்போர்டு, கேபினட் ஆகியவற்றைத் தங்கள் செலவில் இங்கே வந்து மாற்றித் தாருங்கள். முடியாது என்றால் கணினியையும் கார்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். கார்டுக்கு மட்டும் பணம் தந்து கணக்கை முடித்துக்கொள்ள நான் உடன்படமாட்டேன். இரண்டாவது கார்டு போடலாம் என்ற உறுதியின் பேரில்தான் கணினியையே வாங்கினேன். எதைச் செய்தாலும் என் வாரண்டி நடைமுறையில் இருக்கிறது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். தயாரிப்புப் பக்கத்திலிருந்து அந்த வரியையும் நீக்குங்கள். இன்று காலை பார்த்தபோதும் அது அங்கேயே இருந்தது.

இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பொறுப்பான ஒருவரின் கையெழுத்துடன் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 உதவி எண்ணில் பதிந்துவிட்டு, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்வேன். அதில் மன உளைச்சலுக்கும் கைவிட்டுப்போன வேலைகளுக்கும் தனியே இழப்பீடு கேட்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கானாடுகாத்தான்.

இணைப்பு: பில் நகல்கள், தயாரிப்புப் பக்கத்தின் படம், விற்பனைப் பிரிவின் பதில், பொறியாளரின் பணித்தாள் நகல், கேபினட்டின் உட்புறப் புகைப்படங்கள். தாங்கள் அனுப்பிய சாட்டா அடாப்டரையும் பயன்படுத்தாமல் பதிவுத் தபாலில் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வேறு யாருக்கும் அனுப்பிவிட வேண்டாம்.