லிவர் டானிக் எழுதுவதற்கு முன்னால்

கோத்தகிரி

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. கட்டபெட்டு பக்கம் மண் சரிந்து, பஸ் இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது.

இதற்கு நடுவில் ஊட்டிக்குப் போய், நாய்களின் கல்லீரல், குடல் நோய்கள் பற்றி ஒரு நிபுணர் எடுத்த வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லாமல் மனசு ஆறவில்லை.

வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் நாம் படித்தபோது மாடும் ஆடும்தான் பெரிய பாடம். நாய் சாப்பிடவில்லையா, ஒரு லிவர் டானிக், பேதியா, மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக். இன்றைக்கும் பல இடங்களில் அதுதான் ஓடுகிறது. அந்த நிபுணர் அங்கேயே பிடித்தார். ரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி என்ற கல்லீரல் என்சைம் ஏறியிருந்தால், கல்லீரல் செல் அடிபட்டு அது கசிகிறது என்று மட்டும்தான் அர்த்தம். கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்று அது சொல்லாது. அதற்கு ஆல்புமின், யூரியா, சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் முற்றிவிட்டால் கசிவதற்குச் செல்லே அதிகம் மிச்சமிருக்காது. ஏஎல்டி நார்மலாக வந்து நம்மை ஏமாற்றிவிடும்.

ஏஎல்பி என்ற இன்னொரு என்சைமின் கதை வேறு மாதிரி. ஸ்டீராய்டு கொடுத்தால் நாயின் கல்லீரல் தனியாக ஒரு வகை ஏஎல்பியை உண்டாக்கும். பூனைக்கு அப்படிக் கிடையாது. கீழ்கோத்தகிரியிலிருந்து ஒரு லேப்ரடார் வந்தது. அரிப்புக்காக மாதக்கணக்கில் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. வயிறு தொங்கி, முதுகில் முடி கொட்டி, ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. ஏஎல்பி எகிறிக் கிடக்க, வீட்டுக்காரர் கையில் டானிக் பாட்டில்கள்! அரிப்புக்குக் காரணம் தெள்ளுப்பூச்சி. அதற்கு மருந்து போட்டு, பிரட்னிசலோனைப் படிப்படியாகக் குறைத்து வருகிறோம்.

கண்ணும் ஈறும் மஞ்சளாக இருந்தால் முதலில் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு, பார் என்றார். உண்ணி மூலம் வரும் பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்தாலும் மஞ்சள் தெரியும். கல்லீரல் மேல் தப்பே இருக்காது. பிசிவி சரியாக இருந்தால் அப்புறம் கல்லீரல், பித்தநாளம் என்று ஸ்கேனில் தேடலாம். இந்த மழையில் காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் எனக்கு லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், பயம்தான் முதலில். எஸ்டேட் லைன் வீடுகளைச் சுற்றி எலி ஏராளம், தேங்கிய தண்ணீரில் அதன் மூத்திரம். மனிதருக்கும் தொற்றும் என்பதால், நாயின் மூத்திரத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வருஷா வருஷம் தடுப்பூசி போடவும் கெஞ்சுகிறேன்.

என்னை மிகவும் உலுக்கியது சாப்பாட்டு விஷயம். லிவர் கெட்டது என்றதும் கறி, முட்டையை நிறுத்தி வெறும் தயிர்சாதம் போடுகிறார்கள். அடிபட்ட கல்லீரல் திரும்ப வளரப் புரதம் வேண்டும். அதைப் பட்டினி போட்டால் எப்படித் தேறும்? புரதத்திலிருந்து வரும் அம்மோனியா மூளையைத் தாக்கும் நாய்க்கு மட்டும்தான் புரதத்தைக் குறைக்க வேண்டும். அரவேணுவில் அப்படி ஒரு குட்டி இருக்கிறது. வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை. கறி தின்ற கொஞ்ச நேரத்தில் சுவரில் தலையை முட்டி நிற்கும், எச்சில் ஒழுகும். வலிப்பு என்று நினைத்திருந்தார்கள். வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் பித்த அமிலம் பார்த்தோம், இரண்டுமே அதிகம். குடலின் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் குறுக்கு வழியில் போகிறது என்று சந்தேகம். அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் மருந்து கொடுத்து, கறிக்குப் பதில் முட்டையும் பன்னீரும் சிறுகச் சிறுகப் போடச் சொன்னேன். இப்போது வாலாட்டிக்கொண்டு வருகிறது. ஸ்கேனுக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும்.

பேதிக்கும் அதே கண்டிப்புதான். சளியும் புது ரத்தமுமாக முக்கி முக்கி அடிக்கடி போனால் பெருங்குடல். நிறையப் போய் உடம்பு இளைத்தால் சிறுகுடல். நன்றாகச் சாப்பிட்டும் எலும்பு தெரிகிற ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் கணையத்தைப் பார்க்க வேண்டும். பல சாதாரணப் பேதிகள் ஆன்டிபயாடிக் இல்லாமலே சரியாகின்றன. மெட்ரோனிடசோல் குடலின் நல்ல கிருமிகளையும் கெடுத்துவிடும்.

பித்த அமில டெஸ்டுக்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் சாம்பிள் எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்து எழுது. குட்டிக்கு அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜி