சாட்சி மரம்

அன்புள்ள முருகேசு,

நாலு மாசமாக ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமாக இருப்பாய். பேத்தி பிறந்த அலைச்சலில் நாள் ஓடிவிட்டது. தாயும் பிள்ளையும் நலம், மீதியைக் கமலா போனில் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

போன ஞாயிறு பையன் என்னை கிராஃப்டனுக்கு அழைத்துப் போனான். இல்லினாய் ஆறு மிசிசிப்பியில் கலக்கிற இடம். இந்தப் பக்கத்துக் காட்டை 200 வருஷத்துக்கு முன்னால் அளந்த சர்வேயர்களின் குறிப்புகளை ராத்திரி கம்ப்யூட்டரில் காட்டினான். முருகேசு, அவர்கள் இழுத்ததும் நாம் நிலம் அளக்க இழுத்த அதே செயின்தான்! அதே 66 அடி நீளம், அதே 100 கண்ணி, அதாவது லிங்க். பெரியசாமியிடம் சொல், இங்கே இவர்கள் பெரும்பாலும் எல்லைக் கல் நடவில்லை, அதனால் நம்மூர்க் கல் மாதிரி காணாமல் போக வழியே கிடையாது.

அரை மைலுக்கு ஒரு முளை அடித்து, பக்கத்து மரங்களில் பட்டையைச் செதுக்கி அடையாளம் வைத்திருக்கிறார்கள். சாட்சி மரம் என்று பேர். என்ன மரம், எத்தனை அங்குலம் குறுக்களவு, முளையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை லிங்க், எல்லாம் பதிவு. மரம் இல்லாத இடத்தில் முளையைச் சுற்றி மண்ணைக் குவித்துவிடுவார்கள். எல்லைக்காக எழுதியது, அழிந்துபோன காட்டுக்கு அடங்கல் கணக்காக நிற்கிறது.

ஆற்றோரம் முழுக்க அடர்காடு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, பள்ளத்தாக்கில் புல்வெளியும் ஏராளம். பூர்வகுடிகள் இலையுதிர் காலத்தில் புல்லுக்குத் தீ வைப்பார்கள். மேற்குக் காற்று நெருப்பைக் கிழக்கே விரட்டும், ஆறு குறுக்கிட்டால் அங்கேயே அணையும். அதனால் பல இடங்களில் மேற்கே புல், கிழக்குக் கரையில் மரம். க்ளீசன் என்ற தாவரவியலாளர் 1913-லேயே இதை எழுதிவிட்டார். வெள்ளம் புதுமணல் போட்ட இடத்தில்தான் வில்லோவும் காட்டன்வுட்டும் முளைக்கும். கொஞ்சம் மேடு தட்டினால் ஹேக்பெரி, பெக்கான், எல்ம் மரங்கள்.

அப்புறம் நீராவிப் படகு அடுப்புக்கு வெட்டினார்கள், வயலுக்கு அழித்தார்கள். 1930களில் படகுப் போக்குவரத்துக்கு 9 அடி ஆழம் வேண்டுமென்று வரிசையாக அணை கட்டித் தண்ணீரை நிறுத்தினார்கள். 1993 வெள்ளம் கோடை முழுக்க வடியாமல் நின்றதில் ஹேக்பெரி கூட்டம் கூட்டமாகச் செத்தது. இன்றைக்குத் திரும்பின பக்கமெல்லாம் சில்வர் மேப்பிள். ஒரு மேப்பிளின் அடிமரத்தில் என் தோள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு காய்ந்திருந்தது. விரலால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது. காற்றடித்தபோது இலையெல்லாம் புரண்டு வெள்ளையாகத் தெரிந்தது. அழகுதான். ஆனால் அந்தக் குறிப்பைப் படித்தபிறகு எனக்கு அது ஒற்றை மரக் காடாகத்தான் தெரிந்தது.

உன் பரணில் கிடக்கும் அளவை டைரிகளை எடைக்குப் போடப்போவதாகச் சொன்னாயே, போடாதே. வாய்க்கால் மேட்டு மருது, எல்லைப் புளி, இலுப்பைத் தோப்பு என்று நீ ஓரத்தில் குறித்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அந்த இலுப்பைத் தோப்பு இப்போது எங்கே? உன் டைரியைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

ஆடி முடிவதற்குள் வந்துவிடுவேன். மருமகள் பரணில் கைவைக்கும் முன்னால் இறக்கி வை. உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்ப்போம்.

உன்,
சண்முகம்