தண்ணிக்குள்ள போனவங்களை மறந்துட்டோம்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

முன்னாள் படைவீரர்களுக்கு பொன்னாடை போடுற ஃபோட்டோ உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, சந்தோஷம்தான். ஆனா அதுல ஒரு கூட்டம் எப்பவுமே விட்டுப்போகுது. ராத்திரில நீந்திப் போய் எதிரி கப்பல்ல குண்டு ஒட்டிட்டு வந்தவங்க, ஃப்ராக்மேன்னு சொல்லுவாங்களே, அந்த ஆரம்பகால ஆளுங்க. அவங்களைப் பத்திதான் இந்த லெட்டர், நீளமாப் போனா வெட்டிக்கோங்க.

1941 டிசம்பர் 19 விடியக்காலை, எகிப்துல அலெக்சாண்ட்ரியா துறைமுகம். இத்தாலிக்காரங்க ஆறே பேரு, டார்பிடோ மேல ரெண்டு ரெண்டு பேரா குதிரைல உக்கார்ற மாதிரி உக்காந்து தண்ணிக்குள்ளயே போற மூணு வண்டி, அதை அவங்களே 'பன்னி'ன்னுதான் கூப்பிடுவாங்க. அதுல போய் வேலியன்ட், குயீன் எலிசபெத்னு பிரிட்டனோட ரெண்டு பெரிய போர்க்கப்பலை தரை தட்ட வச்சுட்டாங்க. அந்த ஆறு பேர்ல துராண்ட் தெ லா பென்னேன்னு ஒருத்தர் வெடிக்கறதுக்கு முன்னாடியே மாட்டிக்கிட்டாரு. குண்டு எங்கன்னு கேட்டா வாயே திறக்கல, வேலியன்ட் கப்பலோட அடித்தட்டுலயே அடைச்சு வச்சாங்க. நேரம் நெருங்கினதும் அந்தக் கப்பலோட கேப்டன் மோர்கன்கிட்ட கப்பல் வெடிக்கப் போகுது, ஆளுங்களைக் காப்பாத்திக்கோங்கன்னு மட்டும் சொன்னாரு, இடத்தை அப்பவும் சொல்லல, திரும்ப கீழயே கொண்டுபோய் விட்டாங்க, வெடிச்சுது, எப்படியோ பொழச்சுக்கிட்டாரு. 1945ல இத்தாலி அவருக்கு தங்கப் பதக்கம் குடுத்தப்போ அதை அவர் சட்டையில குத்தி விட்டது யாருன்னு நினைக்கிறீங்க? அதே மோர்கன்தான்.

எதிராளிகிட்ட இருந்தே இப்படி ஒரு மரியாதை. ஆனா இந்த வேலை பார்த்த முக்காவாசிப் பேருக்கு சொந்த ஊர்ல கூட யாருக்கும் தெரியாது, ஏன்னா எல்லாமே ரகசியம். 1943 டிசம்பர் 31 ராத்திரி, உலகமே புது வருஷத்துக்கு காத்துட்டு இருக்கும்போது ரெண்டு பிரிட்டிஷ்காரங்க பிரான்ஸ்ல இருக்கற நார்மண்டி கரைக்கு நீந்திப் போய் மணலைத் தோண்டி எடுத்துட்டு வந்தாங்க, டாங்க் இறங்கினா புதையுமான்னு பார்க்கறதுக்கு. இதை வீட்ல சொல்லிக்க முடியுமா? அதே வருஷம் நவம்பர்ல பசிபிக் கடல்ல தாராவா தீவுல பாறை மேல தண்ணி பத்தாம படகெல்லாம் தட்டி நின்னு, சிப்பாய்ங்க தண்ணில நடந்து வரும்போதே சுடப்பட்டு செத்தாங்க. அந்த அடி வாங்கின பிறகுதான் அமெரிக்காக்காரன் முன்னாடியே ஆழம் பார்க்க நீச்சல் ஆளுங்களை அனுப்ப ஆரம்பிச்சான். ஒரு அரை டவுசர், கண்ணாடி, காலுக்கு துடுப்பு, கத்தி, முடிச்சு போட்ட தூண்டில் நூல், எழுதிக்க ஒரு சிலேட்டு, அவ்ளோதான் ஆயுதம்!

உடம்புக்கு வந்த கேடு தனி. அந்தக் காலத்து மூச்சு செட்ல காத்துக் குமிழி மேல வந்து காட்டிக் குடுக்கக்கூடாதுன்னு சுத்தமான ஆக்ஸிஜனைத்தான் சுத்தி சுத்தி மூச்சு விடணும், பத்து மீட்டருக்கு கீழ போனா அதுவே விஷமாகி வலிப்பு வரும், மூச்சுக்காத்தை சுத்தம் பண்ற மருந்துல தண்ணி பட்டா வாயும் தொண்டையும் வெந்துடும். காத்து சிலிண்டரோட ஆழத்துல அதிக நாள் வேலை பார்த்தவங்களுக்கு இடுப்பு, தோள் மூட்டுல எலும்பு செத்துப்போறதும் காது மந்தமாகறதும் டாக்டர்ங்களுக்கு தெரிஞ்ச விஷயம்தான். ஆனா இவரு முக்குளிச்சவர்னு ஃபைல்ல இல்லன்னா வயசான மூட்டுவலின்னு மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்களே.

ரெண்டாம் உலகப்போர் ஆளுங்க கிட்டத்தட்ட எல்லாருமே போயிட்டாங்க, அங்க நாம லேட். 1971 வங்கதேசப் போர் ஆளுங்க இன்னும் இருக்காங்க, எழுபதைத் தாண்டி. பிளாசி பக்கத்துல பாகீரதி ஆத்தங்கரையில நம்ம கடற்படை முக்குளிப்பாளர்கள், வங்கதேசத்து காலேஜ் பசங்களையும் கிராமத்துப் பசங்களையும் மாசக்கணக்குல நீந்த வச்சு தயார் பண்ணாங்க. ஆகஸ்ட் நடுவுல சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச்னு நாலு இடத்துல பாகிஸ்தான் பக்கத்துக் கப்பலுங்களை ஒண்ணா அடிச்சாங்க, எப்ப கிளம்பணும்ங்கற சிக்னல் ரேடியோல போட்ட பாட்டு. வயித்துல கட்டிட்டுப் போன குண்டுல தண்ணில கரையுற மூடி இருக்கும், அது கரைஞ்சாதான் வெடிக்கும், போற வழியிலயே கரைஞ்சுடாம இருக்க ஆணுறை மாட்டினாங்களாம், கடற்படைல இத்தனை ஆணுறை எதுக்குன்னு கேட்டவங்களுக்கு என்ன பதில் சொன்னாங்களோ. இவ்ளோ பெரிய வேலை, பல வருஷம் வெளியில யாரும் பேசல.

அதனால சார், பொன்னாடை அப்புறம் இருக்கட்டும். பயிற்சி குடுத்தவங்க, பயிற்சி எடுத்தவங்க ரெண்டு பக்கமும் இருக்கறவங்களை தேடிப் போய் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ண ஒரு நிருபரை அனுப்புங்க, வாரத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்க. கடற்படையும் யார் யார் முக்குளிச்சாங்கன்னு இப்பவாவது அவங்க மருத்துவ ஃபைல்ல எழுதி வைக்கட்டும். போற நிருபர்கிட்ட சொல்லிடுங்க, கூட போய் திரும்பி வராதவங்க பேரை முதல்ல கேக்கணும், கொஞ்சம் சத்தமா கேக்கணும், பாதிப் பேருக்கு காது கேக்காது.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகர்