கத்தி பட்டால் பரவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கழுத்தில் வந்த கட்டியில் கத்தி வைத்தால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இன்னமும் நம்புகிறார்கள். தோட்டத்து டிரெஸராக, அதாவது தோட்ட மருத்துவமனை உதவியாளராக வேலை பார்த்தவன் என்பதால் ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் காட்ட வருவார்கள். செம்பனைக் குலை வெட்டும் ஒரு தம்பி அண்மையில் வந்தான். காறை எலும்புக்கு மேலே கோலிக்குண்டு அளவு கட்டி, மேலே பூசிய மஞ்சளும் சுண்ணாம்பும் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, ஆனால் அழுத்தினால் வலியே இல்லை என்கிறான். அந்த வலியில்லாமைதான் எனக்குப் பயம். பல்வலி, தொண்டைப்புண் என்று நெறி (நிணநீர் முடிச்சு) கட்டினால் தொட்டாலே வலிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் வடிந்தும்விடும்.

வடியாத கட்டியோடு காய்ச்சல், சட்டை நனைய இராத்திரி வியர்வை, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது எல்லாம் காசநோயிலும் வரும், லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயிலும் வரும். கையால் தடவிப் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனையும் பல நேரம் போதாது. முடிந்தால் நெறியை முழுசாக வெட்டி எடுத்து, சாயமேற்றி, செல்களின் மேல் இருக்கும் சிடி 20, சிடி 30 போன்ற புரத அடையாளங்களைப் பார்த்துத்தான் வகையைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் வீக்கம் வற்றட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், கட்டி சுருங்கிப்போய் சோதனையே குழம்பிவிடும்.

வகைக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்றால், வைத்தியமே அதை வைத்துத்தான். ஹாட்ஜ்கின் வகையில் (1832இல் இந்த நோயை விவரித்த ஆங்கிலேய டாக்டரின் பெயர் அது) ரீட்-ஸ்டெர்ன்பெர்க் என்ற பெரிய செல்கள் தெரியும். இளவயதுப் பிள்ளைகளுக்கும் அப்புறம் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் அதிகம் வரும், பெரும்பாலோர் குணமாகிறார்கள். மற்றதெல்லாம் ஹாட்ஜ்கின் அல்லாதவை, 60க்கும் மேற்பட்ட வகைகள். அவற்றில் அதிகம் காணப்படும் பெரிய பி-செல் (ஒருவித வெள்ளையணு) வகை வேகமாக வளரும், ஆனால் தாமதிக்காமல் மருந்து ஏற்றினால் பலருக்கு முழுசாகவே குணமாகும். ஃபாலிகுலர் வகையோ மெதுவானது, தொந்தரவு இல்லாவிட்டால் மருந்தே கொடுக்காமல் கவனித்து வருவார்கள். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று குடும்பமே அழுகிறது, பாவம்.

வகை தெரிந்த பிறகுதான் நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன், தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜை சோதனை எல்லாம். நான்காம் கட்டம், அதாவது நோய் நன்றாகப் பரவிய நிலை என்று சொன்னாலும் உடைந்து போகாதீர்கள், லிம்போமாவில் அந்தக் கட்டத்திலும் குணமானவர்கள் நிறைய பேர்.

வகையின் பெயர் சோதனை அறிக்கையிலேயே எழுதியிருக்கும். ஒரு நகல் கேட்டு வாங்கி வையுங்கள், ஈப்போ போனாலும் கோலாலம்பூர் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஓய்வு பெற்ற தோட்ட டிரெஸர்,
சுங்கை சிப்புட், பேராக்