'தம்' சொல்ல மறந்த கதை

விருதுநகர்
நவம்பர் 18

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குத் திட்டாதே. நடுவில் தீபாவளி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் என் பெண் கீர்த்தியின் முகாம். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். டி.வி.யில் எழுத்து தெரிகிறதாம், அதனால் எல்லோரையும் திருத்துகிறாள்.

பையனை என்.சி.சி.யில், அதுதான் தேசிய மாணவர் படையில், சேர்க்கலாமா, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பட்டாளம் எதற்கு என்று கேட்டிருந்தாய். என்னோடு இரண்டு வருடம் காக்கி போட்டவன் நீயே இப்படிக் கேட்டால் எப்படி? பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் மட்டும் வேண்டாம். 1948இல் போட்ட சட்டத்திலேயே, சேர்ந்தவர்கள் போருக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்று இருக்கிறது. என்.சி.சி.யில் சேர்வதே கட்டாயம் என்று வந்ததெல்லாம் சீனப் போருக்குப் பிறகுதான். 1963இல் கல்லூரிப் பையன்கள் எல்லோரையும் சேர்த்தார்கள், 1968இல் மறுபடி விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். உன் அப்பா மதுரையில் படிக்கும்போது மாட்டிக்கொண்டது அந்தக் கணக்கில்தான்.

அப்பா சொல்லும் இன்னொரு கதையும் நினைவிருக்கிறதா? 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றத்தில் மொழித் தீர்மானம் வந்ததே. இந்திப் பாடத்தோடு என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளும் கூடாது என்று அதில் சொன்னார்கள். அத்தனை நடந்த ஊரில் இன்றைக்கும் எங்கள் மொட்டைமாடியில் 'சாவ்தான், விஷ்ராம்' (நேராக நில், தளர்ந்து நில்) என்று இந்தியில்தான் ஒலிக்கிறது. எனக்கு அதில் உறுத்தல்தான். தமிழில் சொன்னால் கால் திரும்பாதா? ஆனால் கீர்த்திக்கு அது மொழியாகவே படவில்லை, ஏதோ மந்திரம் மாதிரி சொல்கிறாள். நாம் மட்டும் என்ன, வலப்பக்கம் திரும்பச் சொல்லும் 'தாஹினே முட்' என்றால் 'தாயினை முட்டு' என்றுதானே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் இப்போது ஒன்பதாவது. இரண்டாம் வருடம், 'ஏ' சான்றிதழ்த் தேர்வு வரப்போகிறது. பரேடுக்கு முக்கால்வாசி நாள் வந்திருந்தால்தான் எழுத முடியும் என்பதால் காய்ச்சலோடும் போகிறாள். நமக்குக் கிடைத்த பூட்ஸ் நினைவிருக்கிறதா? ஸ்டோரில் ஒன்பதாம் நம்பர்தான் இருக்கிறது என்று கையில் திணித்தார்கள். என் கால் ஏழு. முன்னால் தினத்தந்தியை உருட்டி வைத்துக்கொண்டு நடந்தேன். இவளுக்குச் சீருடைப் பணம் வங்கிக் கணக்குக்கே வருகிறது, அளவு பார்த்து வாங்கிக்கொள்கிறாள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

முகாம் பத்து நாள், ஒரு பொறியியல் கல்லூரியில். கடைசி நாள் போய்ப் பார்த்தேன். வாசல் பேனரில் 'தலைமைப் பண்பு' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. இவளைப் பத்துப் பெண்களுக்குப் பொறுப்பாக்கியிருந்தார்கள். பெருமையாகச் சொல்வாள் என்று பார்த்தால் ஒரே புலம்பல். தன் பத்துப் பேரும் வாங்கிய பிறகுதான் இவள் தட்டை நீட்ட வேண்டுமாம். பத்து நாளில் நாலு நாள் பொரியல் தீர்ந்து ரசச் சோறுதான் கிடைத்ததாம். தலைமைப் பண்பு ரசத்தில்தான் இருக்கிறது போல என்றேன். முறைத்தாள். துப்பாக்கி சுட்டதையும் கேட்டேன். பாயில் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, .22 ரைஃபிளில் சுட்டாளாம். குண்டுகள் விழுந்த பரப்பு தோசைக்கல் அளவு இருந்தது என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

ஆனால் நான் உனக்கு எழுத நினைத்தது வேறு. தினமும் சாயங்காலம் மாடியில் அவள் கட்டளை கொடுத்துப் பழகுகிறாள். தெரியுமே, கீர்த்தி கடையில் மிச்சச் சில்லறை கேட்கவே கூச்சப்படும் பெண். முதல் வாரம் அவள் குரல் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டவில்லை. சத்தம் போதாது என்று நான் நினைத்தேன். அவளுடைய டீச்சர் சொல்லிக்கொடுத்தது இடைவெளி. பின்னால் திரும்பச் சொல்ல, 'பீச்சே' என்று இழுத்துவிட்டு, நிறுத்தி, அப்புறம்தான் 'முட்'. அந்த நடு நொடியில்தான் எதிரில் நிற்பவர்கள் உடம்பைத் தயார் செய்துகொள்கிறார்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் சொன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்புவார்கள். நடந்துகொண்டிருக்கும்போது 'தம்', அதாவது நில், சொல்வது இன்னும் கஷ்டம், எந்தக் கால் தரையில் படும்போது சொல்வது என்று கணக்கு இருக்கிறது. அவள் கண் மூடி எண்ணுகிறாள். இப்போது எதிர்வீட்டு நாய் 'தம்' என்றால் நிஜமாகவே நிற்கிறது.

அதைப் பார்த்துத்தான் நம் கதை வந்தது. 1989, பள்ளி மைதானம். நான் முப்பது பேரை நடத்திக்கொண்டு போகிறேன், கால் கணக்குத் தவறி 'தம்' வாயில் வரவில்லை. நீ முன்வரிசை. கிணற்றடி முள்வேலி நேரே தெரிகிறது. யாரும் நிற்கவில்லை! வேலிக்குள் போய், பின்னால் வந்தவர்கள் இடித்து, உன் முழங்கால் கிழிந்து... வாத்தியார் சிரித்துவிட்டு எனக்கு மைதானத்தை ஐந்து சுற்று ஓடச் சொன்னார்.

கீர்த்தியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "சுந்தரம் மாமா ஏன்பா நிக்கல?" என்றாள். ஆர்டர் வரலையே என்றேன். "அதுக்காக முள்ளுக்குள்ள போவாங்களா?"

இதுதான் உன் கேள்விக்கும் என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியாத இடம். சொன்னதைச் செய்யும் பழக்கம் பிள்ளைகளுக்கு வேண்டுமா என்று கேட்கிறாய். வேண்டாம் என்பதற்கு அந்த வேலி நியாயமான காரணம்தான். ஆனால் சில்லறை கேட்கத் தெரியாத பெண் பத்துப் பேர் முன்னால் நின்று, அவர்கள் தயாராகும் வரை காத்திருக்கக் கற்றதும் அதே மைதானத்தில்தானே. பையன் தானாக ஆசைப்பட்டால் விடு. நீ சொல்லிச் சேர்க்காதே. சான்றிதழுக்காக என்றால் இப்போது அவசரமே இல்லை. கல்லூரியில் 'சி' சான்றிதழ் வாங்கினால்தான் எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரி நேர்காணலுக்குப் போகும் வழி எல்லாம் வரும்.

அப்புறம் நீ முழங்காலைப் பற்றி ஒன்றும் எழுதவே இல்லை. ஸ்கேன் பார்த்தாயா? அந்த வேலிக் காயம்தான் காரணம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

வருகிற ஞாயிறு, நவம்பர் நாலாம் ஞாயிறு, என்.சி.சி. தினம். ஊர்வலத்துக்காகப் பெல்ட் பித்தளையைப் பளபளப்பாக்க பிராசோ தீர்ந்துவிட்டது என்றாள். நீ அந்தக் காலத்தில் திருநீறு போட்டுத் தேய்ப்பாயே, அதைச் சொல்லித் தொலைத்தேன். இன்று காலையில் அம்மா பூஜைக்கு உட்கார்ந்தால் தட்டு காலி. யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரணை நடக்கிறது. உன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்